ஏலத்துக்கு வந்த எலுமிச்சம்பழம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்த பிறகும் யாரும் எளிதில் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. ஆலய வாசலில் பந்தலுக்குக் கீழே ஏலம் தொடங்கிவிடும். வாழைத்தார், பூசணிக்காய், கால் கட்டிய நாட்டுக்கோழி, வீட்டில் தைத்த தலையணை உறை, யாரோ ஒரு பாட்டி முந்தானையில் பொதிந்து கொண்டுவந்த நான்கு முட்டை என்று மேஜை நிறைந்திருக்கும். ஏலம் போடுகிறவர் சபையிலேயே வாய் சாதுர்யம் மிக்கவராக இருப்பார். பத்து ரூபாயில் தொடங்கும் எலுமிச்சம்பழம், மாமன் மச்சான் போட்டியில் ஆயிரத்தைத் தொடும். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பழத்தை மறுபடி மேஜையிலேயே வைப்பார். அதே பழம் மீண்டும் ஏலத்துக்கு வரும். பாட்டியின் முட்டைக்கும் அதே கதிதான்.

நகரத்தின் பழைய பெரிய ஆலயங்களில் வளர்ந்த சிலருக்கு இந்தக் கூச்சல் பிடிக்காது. கோயில் வாசலில் சந்தைக்கடையா என்று முகம் சுளிப்பார்கள். நான் சந்தைக்கடையின் பக்கம். வரி கட்டச் சொன்னால் முனகுகிற மனிதர், வீட்டு வாடகையை நூறு ரூபாய் ஏற்றினால் சண்டைக்குப் போகிற மனிதர், இங்கே தன் பணத்தைத் தொலைப்பதற்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார், சிரிக்கிறார். கொடுப்பதில் இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

இந்தப் புறநகர்ச் சபைகளில் பலவற்றின் பழக்கவழக்கம் தெற்கிலிருந்து ரயிலேறி வந்தது. திருநெல்வேலிச் சீமையில் வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். வாரம் முடிந்ததும் கலயம் ஆலயத்துக்குப் போகும். சம்பளம் என்று கையில் காசு பார்க்காத பெண்கள், புருஷனிடம் கேட்காமல், தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே இடமான அடுப்படியிலிருந்து கொடுத்த காணிக்கை அது. 1830இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் தொடங்கிய தர்ம சங்கமும் இப்படித்தான். மதம் மாறியதற்காக ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த, அதே ஏழைச் சபையார் கையிலிருந்து பணம் திரட்டினார்கள். அசனம் என்கிற ஊர்ப் பந்தியும் அந்தச் சீமையின் வழக்கம்: சபையார் எல்லோரும் அரிசியும் ஆடும் காசும் கொடுத்து, அண்டாவில் பொங்கி, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களையும் உட்காரவைத்துப் பரிமாறுவது.

இந்தப் பழக்கத்துக்குள் ஒரு சித்தாந்தம் இருக்கிறது என்பதைக் கண்டு அதை உரக்கச் சொன்னவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராக அலைந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசிலேயே கடல்தாண்டித் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வெள்ளைக்காரன் பணத்தில் பள்ளியும் ஆஸ்பத்திரியும் கண்ட நெல்லைச் சபைகள் யாருக்கும் எதையும் அனுப்பியதில்லையே என்று அவருக்கு உறுத்தியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம். இரண்டுக்கும் ஒரே பிடிவாதம்: ஆளும் பணமும் நிர்வாகமும் இந்நாட்டினுடையதாக இருக்க வேண்டும்.

1912 டிசம்பரில் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவர் பொறுப்பேற்ற தோர்ணக்கல் மறைமாவட்டம் தெலுங்கு நாட்டில் இருந்தது. சபையாரில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்து விவசாயக் கூலிகள். கொடுக்க இவர்களிடம் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்டிருப்பார்கள். அசரியா அவர்களிடமும் கேட்டார். கோழி, நெல், பூசணி, ஒரு பிடி தானியம், எதுவானாலும் சரி என்றார். அவர் கட்டிய பேராலயம் 1939 ஜனவரியில் பிரதிஷ்டையானது. கொடுத்தலைப் பற்றியே தனியாக ஒரு சிறு நூலையும் வெளியிட்டார். ஏழையிடம் காணிக்கை கேட்காமல் விடுவது கருணை போலத் தோன்றினாலும் அது அவனை என்றென்றைக்கும் கையேந்துகிறவனாகவே வைத்திருக்கும் வழி என்பதுதான் அவருடைய வாதத்தின் உள்ளோட்டம். காலமெல்லாம் எஜமான் போட்டதை வாங்கிக்கொண்டிருந்த மனிதன், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கையை நீட்டி ஒன்றைக் கொடுக்கிறான். பெறுகிறவன் என்ற பட்டம் அந்த நொடியில் கழன்றுவிடுகிறது. அங்கே பிறக்கிற சிரிப்புதான் நம்முடைய ஏலப் பந்தலில் கேட்பது.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது மக்கெதோனியாவின் பரம ஏழைகளை உதாரணம் காட்டியதும் இதற்காகவே. எருசலேம் சபையின் ஏழைகளுக்கு அனுப்பப் பணம் திரட்டியபோது, எங்களை விட்டுவிடாதீர்கள், எங்களுக்கும் இதில் பங்கு வேண்டும் என்று அவர்கள் மன்றாடினார்களாம். உதவி கேட்டு மன்றாடுவதைப் பார்த்திருக்கிறோம். உதவ அனுமதி கேட்டு மன்றாடியவர்கள் அவர்கள். பிடி அரிசியும் தெற்குக்கு மட்டும் சொந்தமில்லை: மிசோரமில் 1910இல் பெண்கள் தொடங்கிய பிடி அரிசிக் காணிக்கை இன்று அந்தச் சிறு மாநிலத்துத் திருச்சபையின் பெரிய வருமானங்களில் ஒன்று. அரிசிக்கும் அடுப்படிக்கும் எல்லா ஊரிலும் ஒரே மொழிதான் போலிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வராவிட்டால்தான் தவறு. ஏழையைக் கொடுக்கவைத்து அதற்கு மகிமை என்று பெயர் சூட்டுவது சுரண்டல் ஆகாதா? ஆகும், பல இடங்களில் ஆகியிருக்கிறது. கொடுக்கும் மகிழ்ச்சிக்கு அடியில் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும். நின்றுகொண்டிருக்கிற தரையே இன்னொருவனுடையது என்றால், கொடுக்கிற கையும் முழுதாகக் கொடுப்பவனுடையதாக இருக்காது.

இதை விளக்க வேறெங்கும் போக வேண்டாம். இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நாம் சொல்லும் ஊர்களெல்லாம் ஒருகாலத்தில் ஏரிப்பாசனக் கிராமங்கள்; 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மாவட்டத்துச் சேரிகளில் குடிசை நின்ற மண்கூட மிராசுதாருக்குச் சொந்தம். கூலி கேட்டால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், வேதக்காரனாக மாறினால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். திருவள்ளூரில் இருந்த வெஸ்லியன் மிஷனெரி வில்லியம் கௌடியும், செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனெரி ஆடம் ஆண்ட்ரூவும் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். அரிசி மூட்டையும் பழந்துணியும் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர்கள் அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள், மனைக்கட்டு யாருடையது என்று வழக்காடினார்கள். ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையும், ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க 1892 செப்டம்பரில் வந்த அரசாணையும் அந்தக் காலத்தின் விளைச்சல்கள். பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அங்கிருந்து தொடங்குகிறது.

மிஷனெரிகளைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை. கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற வருகிறவர்களின் கணக்கு அவர்கள் மனத்தில் ஓடாமல் இருந்திருக்காது. மிராசுதார்களும் அதைத்தான் சொல்லிக்காட்டினார்கள். ஆனாலும் தருமத்தில் ஒரு வகை பசியை ஆற்றுகிறது, இன்னொரு வகை பசித்தவனுக்குப் பட்டா வாங்கித் தரப் பார்க்கிறது என்ற வித்தியாசத்தை இந்த மாவட்டம்தான் நமக்குக் காட்டியது. அந்தப் பட்டாக்கள் நிலைக்கவில்லை. பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சமூகத்தாருக்கே விற்கலாம் என்ற நிபந்தனையை மீறி நிலங்கள் கைமாறின. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. இறந்த இருவர் பெயர் ஜான் தாமஸ், ஏழுமலை.

கொடுப்பவனுக்குத் தரை ஒரு கேள்வி என்றால், பந்தி இன்னொன்று. பந்தியில் யார் யாரோடு உட்காருவது என்கிற கேள்வி இந்த மண்ணுக்குக் கிறிஸ்தவம் கொண்டுவந்ததல்ல. பூந்தமல்லி, பிராமணரல்லாத வைணவ அடியார் திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று இராமானுஜர் ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்ததும், இராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுக் கிளம்பிவிட, இராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் அந்த இடத்தை மெழுகி, மிச்சத்தை அப்புறப்படுத்தி, குளித்துவிட்டுக் கணவருக்குப் புதிதாகச் சமைத்ததும் வைணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த அம்மாளும் விருந்தினருக்கு வயிறார உணவு இட்டவர்தான். குறை வைத்ததாக யாரும் சொல்லவில்லை. இலை எடுத்த பிறகு நடந்ததில்தான் எல்லாம் இருக்கிறது. நம்முடைய சபைகளிலும் தனிப் பெஞ்சு, தனிக் கல்லறை என்று வைத்திருந்த வரலாறு உண்டு. ஆகவே இந்தக் கதையை வெளியிலிருந்து பார்த்துச் சிரிக்கும் தகுதி நமக்கில்லை.

ஏரிக்கரைக் கிராமங்கள் தொழிற்சாலைப் பேட்டைகளாகியது சுதந்திரத்துக்குப் பின். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ், பிறகு டன்லப், 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இடையில் 1955 ஜனவரியில் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. சொத்தையெல்லாம் பொதுவில் வைத்து அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்ட எருசலேமின் முதல் சபையைப் பற்றி ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவர்கள், அந்தத் தீர்மானத்தைப் பேப்பரில் படித்துவிட்டு என்ன நினைத்தார்களோ. தீர்மானம் டில்லிக்குப் போய்விட்டது. இங்கே மிஞ்சியவர்கள் ஷிப்டு முடிந்து வந்து, குவார்ட்டர்ஸ் வீட்டு முன்னறையில் பாய் விரித்து ஜெபக்கூட்டம் நடத்தியவர்கள்.

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக வந்த ஃபிட்டர்களும் டர்னர்களும் வெல்டர்களும் அவர்கள். முதலில் வீடு, பிறகு வாடகைக் கூடமோ பள்ளி வகுப்பறையோ, பிறகு ஓலைக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், கடைசியில் கோபுரமும் மணியும். இந்தப் பக்கத்து ஆலயம் ஒன்றின் ஆண்டுவிழா மலரைப் புரட்டினால் இந்த வரிசை அநேகமாக மாறாமல் இருக்கும். ஓ.டி. பணமும் போனஸும் செங்கல்லாக மாறின. வெல்டர்கள் ஜன்னல் கிராதியைத் தாங்களே பற்றவைத்தார்கள், எலக்ட்ரீஷியன்கள் ஒயரிங் செய்தார்கள், பெண்கள் மணல் சுமந்தார்கள். கான்கிரீட் போடும் நாள் ஒரு திருநாள் போல இருக்கும். பெரிய மிஷன்கள் கட்டிக்கொடுத்த நகரத்து ஆலயங்களில் இல்லாத ஓர் உரிமை இந்த ஷெட்டுகளில் இருந்தது. எந்தத் தூணுக்கு யார் வீட்டுத் தாலிக்கொடி அடகுக்குப் போனது என்று ஊருக்கே தெரியும்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே கைவந்த கலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காமராஜர் காலத்தில் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கம் முளைவிட்டது திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில். ஊர் மக்கள் மேசை, நாற்காலி, கடிகாரம், தண்ணீர்ப்பானை என்று தங்களால் ஆனதைத் தலையில் சுமந்துகொண்டு மேளதாளத்தோடு பள்ளிக்கு வந்தார்கள். அறுப்பின் பண்டிகை ஊர்வலத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் காட்சி புதிதாக இருந்திருக்காது.

கத்தோலிக்கர்களின் வழி சற்று வேறு, சத்தம் குறைவு. பேராயர் லூயி மத்தியாஸ் காலத்தில், 1936இல் பூந்தமல்லியில் தொடங்கப்பட்ட திருஇருதயக் குருமடத்திலிருந்து தமிழ்நாடெங்கும் பங்குத்தந்தையர்கள் போயிருக்கிறார்கள். அவர்கள் போன பங்குகள் பலவற்றில் வின்சென்ட் தே பால் சபை இருக்கும். 1833இல் பாரிஸில் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. உறுப்பினர்கள் வாரந்தோறும் கூடி, ஏழை வீடுகளுக்கு நேரில் போய்வந்த விவரம் சொல்லி, முடிவில் ஒரு பையைச் சுற்றுக்கு விடுவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்பது எவருக்கும் தெரியாது. ஏலப் பந்தலுக்கு நேர் எதிரான முறை. இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், ஏலத்தில் ஆயிரம் கூவியவர் மறுநாள் அந்தப் பைக்குள்ளும் கையை விட்டால் நல்லது என்பேன். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில் வாசலில் ரொட்டி கொடுக்கும் நேர்ச்சைக்காரர்களில் பாதிப்பேர் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடந்த முப்பது ஆண்டுகளில் கொடுத்தலின் ருசி மாறியிருக்கிறது. போட்டதற்கு நூறு மடங்கு திரும்ப வரும் என்று மேடையில் உத்தரவாதம் தருகிறார்கள். விசா கிடைக்க, வழக்கு ஜெயிக்க, வீடு அமைய என்று காணிக்கைக்கு நோக்கங்கள் வந்துவிட்டன. லாபத்தை எதிர்பார்த்துப் போட்டவன் சிரிப்பதில்லை. தேதி தள்ளிப்போன சீட்டுக்காரனைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தொழிற்பேட்டையில் ஆலைகள் மூடி ஆட்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட காலத்தில் இந்தப் பிரசங்கம் இங்கே வேர்பிடித்ததில் வியப்பில்லை. நம்பிக்கை இழந்தவர்களிடம் அதை விற்பது சுலபம். பழைய சபைகளும் யோக்கியம் பேச முடியாது. சபைச் சொத்து வழக்குகள் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. கணக்கை வாசிக்கச் சொன்னால் கேட்டவனை எதிரியாகப் பார்க்கும் கமிட்டிகள் உண்டு. கணக்குக் காட்டாத இடத்தில் பிடி அரிசி வெறும் வரிதான். ஒரு மூட்டை அரிசியைப் பன்னிரண்டு பேர் பிடித்துக்கொண்டு, வாங்குகிற கிழவியை நடுவில் நிறுத்தி, ஃபிளெக்ஸ் முன்னால் எடுக்கும் போட்டோ இன்னொரு வியாதி.

ஆனால் 2015 டிசம்பரை மறந்துவிட முடியாது. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாறு ஊருக்குள் வந்தபோதும், கொரட்டூர், அம்பத்தூர்ப் பக்கம் தெருக்கள் ஏரியாக நின்றபோதும், கோயில் மண்டபம், பள்ளிவாசல், தேவாலயம் என்று கதவுகள் திறந்தன. அசனத்துக்கென்று பரணில் கிடந்த அண்டாக்கள் இறங்கின. அந்த ஆண்டு பல சபைகளில் கிறிஸ்துமஸ் அலங்காரம் இல்லை, கேரல் ரவுண்ட்ஸில் சேர்ந்த பணம் பாயாகவும் பாத்திரமாகவும் போனது. பரிமாறியவர்களில் பலர் வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர். சொந்த வீட்டைக் கழுவிவிடக்கூட நேரமில்லாமல் அடுத்தவருக்கு சாம்பார் ஊற்றிய அந்த நாட்களைப் பற்றி இன்றும் பேச்செடுத்தால், அவர்கள் இழந்ததைவிடச் சமைத்ததைத்தான் விலாவாரியாகச் சொல்வார்கள். எத்தனை மூட்டை, யார் அடுப்பு மூட்டியது, எந்த வேளை உப்பு கூடியது என்பது வரை. 2023இல் மிக்ஜாம் புயல் தொழிற்பேட்டையை மூழ்கடித்தபோது அதே அண்டாக்கள் மறுபடி இறங்கின.

தெற்கத்தி ஃபிட்டர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஐ.டி. கம்பெனிகளில் இருக்கிறார்கள், பலர் வெளிநாட்டில். அவர்கள் தாத்தாக்கள் நின்ற லேத் முன்னால் இன்று நிற்பவர்கள் ஒடிசா, ஜார்க்கண்ட், பிகார், அசாம் பையன்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ராஞ்சிப் பக்கத்து முண்டா, உராவ் வீட்டுப் பிள்ளைகள் ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, புரியாத தமிழ்ப் பாட்டுக்கு மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு முணுமுணுக்கிறார்கள். 2020 ஊரடங்கில் இவர்களைப் போன்றவர்கள் வடக்கு நோக்கி நடந்ததை ஜி.என்.டி. சாலை பார்த்தது. டிசம்பர் வந்தால் சபைகள் இவர்களை மேடைக்கு அழைத்து ஆளுக்கொரு போர்வை கொடுக்கின்றன. நல்ல காரியம்தான், சென்னையில் போர்வைக்கு என்ன அவசரம் என்பது வேறு விஷயம்.

அந்தப் பையன்களும் சம்பளம் வாங்குகிறார்கள், ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், காணிக்கைப் பை வரும்போது இருபது ரூபாய் போடுகிறார்கள். ஏலப் பந்தலில் ஓரமாக நின்று, மொழி பிடிபடாமல், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்கள் ஊரிலும் அறுவடை உண்டு, கூட்டுச் சமையலும் ஆட்டமும் உண்டு. நம் தாத்தாக்களை இந்த ஊர் விருந்தாளிகளாகவே வைத்திருந்தால் ஓர் ஆலயமும் எழும்பியிருக்காது. இந்த ஆண்டு அசனக் கமிட்டியில் அவர்களில் இரண்டு பேரைப் போடலாம். ஓர் அண்டாவை அவர்கள் பொறுப்பில் விட்டு, அவர்கள் ஊர்க் கறியை வைக்கச் சொல்லலாம், செலவுக்கும் அவர்களிடமே பங்கு கேட்கலாம். ஏலம் போடுகிற அண்ணாச்சிக்கு இந்தியில் ஒன்றிலிருந்து ஆயிரம் வரை எண்ணக் கற்றுக்கொடுக்கவும் பண்டிகைக்குள் நாள் இருக்கிறது.